மணவிழாவில் நாய்க்கும் ஒரு துணை



அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் மணமக்கள் சிலர் தம் வளர்ப்பு நாயையும் மணவிழாவுக்கு அழைத்து வருகின்றனர். அன்று அதனைப் பேணுவதற்கென்றே ஊதியம் பெறும் பணியாளரும் அங்கு உளர். இதைக் கேட்டதும் நமக்கு நகைப்பே எழுகின்றது. மனிதர் பசித்திருக்க நாய்க்குப் பணியாளா என்றும் வினவுகிறோம். அவ்வினா நேர்மையானதே.

ஆயினும் அப்பணி யாதெனச் சற்று நோக்குவோம். பணியாளர் நாயை முன்னரே நடத்திச் சென்று அதன் பரபரப்பைத் தணிக்கிறார். சடங்கு வேளையில் கொணர்கிறார். நிழற்படம் எடுத்ததும் ஆரவாரத்தினின்று அகற்றி, நீரும் நிழலும் தந்து வீடு சேர்க்கிறார். விருந்தினர் அன்போடு நீட்டும் சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சைலிட்டால் கலந்த இனிப்பு அதன் இரத்தச் சர்க்கரையை விரைந்து குறைத்துவிடும். வால் ஒடுங்குவதும், ஓயாது உதட்டை நக்குவதும் அச்சத்தின் அறிகுறிகள்; அவற்றைக் கண்டறிவதே அவரது திறன்.

தோபியா மேற்கொண்ட பயணம் மணத்தில் நிறைவுற்றது. அப்பயணத்தில் நாயும் உடன் சென்றதெனத் தோபித்து நூல் கூறுகின்றது. ஆனால் அது எவர்க்கும் காட்சிப்பொருளாய் நிற்கவில்லை. கூட்டத்தை அஞ்சும் நாயை வீட்டிலேயே விட்டுவருதல் செலவில்லாத அன்பாகும்.

வாயில்லா உயிரின் களைப்பைக் கண்டுணரும் கண், அதே பந்தலின் மூலையில் சோர்ந்து சாய்ந்திருக்கும் முதியவரையும் காண வேண்டாமா? நாயைப் பேணுவது குற்றமன்று; அவரை மறப்பதே குற்றம்.