தீவுக்குள் ஒரு கௌபாய் ஊர்

"ஹவாய் வரைக்கும் வந்துட்டு மாடு பார்க்கவாப்பா போறோம்?"

பின்னிருக்கையிலிருந்து மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். கோனா விமான நிலையத்தில் எங்களோடு இறங்கியவர்கள் கடற்கரை விடுதிகளைத் தேடிப் போக, நாங்கள் மலைப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தோம். கறுத்த எரிமலைப் பாறைகள் முடிந்து காய்ந்த புல்வெளி வந்தது. பிறகு பச்சைப் புல். ஒரு மணி நேரத்தில் கார்க் கண்ணாடியில் தூறல். வைமேயா வந்துவிட்டது.

ஹவாயின் பெரிய தீவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் இது. அஞ்சல் முகவரியில் மட்டும் கமுவேலா என்று போடுவார்கள். கவாய் தீவிலும் ஒரு வைமேயா உண்டு. அறை பதிவு செய்யும்போது எந்தத் தீவு என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடுகள் இங்கே வந்த கதை ஒரு பரிசில் தொடங்குகிறது. 1793இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் வான்கூவர், மன்னர் முதலாம் கமேஹமேஹாவுக்குச் சில மாடுகளைக் கொடுத்தார். அவை பெருகட்டும் என்று, பத்தாண்டுகளுக்கு யாரும் கொல்லக்கூடாதென மன்னர் தடை போட்டார். பெருகின, அளவுக்கு மீறிப் பெருகின. காட்டு மாடுகளாகி, பயிரை மேய்ந்து, மலைச்சரிவுக் காடுகளை அழித்து, ஆட்களையும் முட்டின. அவற்றைச் சுட்டுப் பிடிக்க மன்னரிடம் அனுமதி பெற்றவர், கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட ஜான் பால்மர் பார்க்கர். மன்னரின் பேத்தி முறைப் பெண்ணையே மணந்தார். 1847இல் அவருக்குக் கிடைத்த 2 ஏக்கர் நிலம்தான் இன்றைய பார்க்கர் பண்ணையின் தொடக்கம். இப்போது அது ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல்!

சுட்டால் மட்டும் போதாது, மாடுகளைப் பழக்க வேண்டுமே. 1830களில், அப்போது மெக்சிகோவிடம் இருந்த கலிஃபோர்னியாவிலிருந்து குதிரை வீரர்களை வரவழைத்தார்கள். ஸ்பானிய மொழி பேசிய அவர்களை 'எஸ்பான்யோல்' என்று அழைக்கப் போய், அது ஹவாயர் நாவில் 'பனியோலோ' ஆனது. இன்றும் இங்கே கௌபாய்க்கு அதுதான் பெயர். டெக்சஸ் கௌபாய்கள் ஆயிரக்கணக்கில் மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்ற புகழ்பெற்ற காலம் இதற்கு ஒரு தலைமுறை பிந்தியது. சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இதை யார் சொன்னார்கள்?

பனியோலோக்களின் வேலையும் வேறு மாதிரி. கவாய்ஹாய் கரையில் துறைமேடை இல்லாத நாளில், குதிரையோடு கடலில் இறங்கி மாடுகளை நீந்தவிட்டு, படகின் பக்கவாட்டில் கட்டிக் கப்பலுக்குக் கொண்டுபோய், வயிற்றில் பட்டை கட்டித் தூக்கி ஏற்றினார்கள்.

ஊர் நடுவே குதிரைமேல் கயிறு வீசும் ஒருவரின் வெண்கலச் சிலை நிற்கிறது. இக்குவா பர்டி. 1908இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நடந்த செயென் போட்டிக்கு, இரண்டு தோழர்களுடன் கப்பலேறிப் போனவர். ஹவாய் தன் அரசை இழந்து அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டுப் பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. தொப்பியில் பூமாலை சுற்றிய தீவுக்காரர்களை அங்கே யாரும் பெரிதாக நினைக்கவில்லை. குதிரைகூட இரவல்தான். ஓடும் காளையைச் சுருக்கிட்டு வீழ்த்திக் கால்களைக் கட்ட பர்டிக்கு ஆன நேரம் 56 விநாடி. உலகப் பட்டம் அவருக்கு! தோழர்களுக்கு மூன்றாம், ஆறாம் இடங்கள். சிலையடியில் இதைச் சொன்னபோது மகள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். அப்பனுக்கு அதுவே பட்டம்.

வெளியே சுற்ற இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு புல்வெளியில் குதிரைச் சவாரி போகலாம். புதியவர்களுக்குச் சாதுவான குதிரையாகப் பார்த்துத் தருகிறார்கள். ஹாவி ஊருக்குப் போகும் கொஹாலா மலைச்சாலையில் காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அவற்றின் இடைவெளியில் ஒரு பக்கம் மேய்ச்சல் நிலம், கீழே கடல். நான் மூன்று இடத்தில் காரை நிறுத்தினேன். வைப்பியோ பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கலாம். சாலை ஆபத்தானதென்று 2022 முதல் சுற்றுலாப் பயணிகள் தாமாக இறங்கத் தடை. தடுப்பைத் தாண்டி இறங்கும் வீரம் வேண்டாம், அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. நீந்த ஆசையென்றால் ஹாப்புனா கடற்கரை அரை மணி நேரத்துக்குள்தான்.

நம் ஊரிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோக்கியோ அல்லது சோல் வழியாக ஹொனலுலு, அங்கிருந்து கோனா. வாடகைக் கார் இல்லாமல் வைமேயாவில் எதுவும் நடக்காது. மாலையில் கேமரன் மலை போலக் குளிரும் என்பதால் ஆளுக்கொரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுக்காமல் போய், குதிரைப் படம் போட்ட மூன்று சட்டைகளுக்குத் தண்டம் அழுதோம். மகள் அதைக் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகிறாள்.