பட்டியலில் யார் பெயர்?

ஒரு பத்தாண்டு முடிந்தால் போதும், அந்தப் பத்தாண்டின் சிறந்த இசை ஆல்பங்கள் என்று பட்டியல்கள் வந்துவிடுகின்றன. இண்டி, ராக், ஃபோக் என்று தலைப்புப் பிரித்து, பெருநகர மேடைகளில் வாசிக்கும் குழுக்களை வரிசைப்படுத்துவார்கள். ருசி அவரவருக்கு. ஆனால் பட்டியல் போடுவது ருசி மட்டும் சார்ந்த காரியமல்ல. எந்தப் பெயர் நிற்க வேண்டும், எந்தப் பெயர் உதிர வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை அது. அந்த வேலையை நாம் பிறரிடம் விட்டுவிட முடியாது.

2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுக்கு நம் பட்டியலின் முதல் இரண்டு இடங்களில் சந்தேகமே இல்லை. ஒன்று, ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் ‘மகிழ்ச்சி’. மற்றொன்று, அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ‘தெருக்குரல்’. இரண்டுமே 2019இல் வந்தவை.

பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர் அது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவும், தீட்டு என்று தள்ளப்பட்ட பறையும், ராப்பும், எலெக்ட்ரிக் கிட்டாரும் அந்த மேடையில் சமமாக நின்றன. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டுப் பொருளாயின. கானா ஆண்களின் பாட்டு என்று நினைத்திருந்தவர்களுக்கு இசைவாணி தன் குரலால் பதில் சொன்னார். ‘தெருக்குரல்’, கேள்வி கேட்பவர்கள் மீது வீசப்படும் ‘ஆன்டி இந்தியன்’ என்ற வசையையே எடுத்துப் பாட்டாக்கித் திருப்பி அடித்தது.

இவை திடீரென்று முளைத்தவை அல்ல. 2016 ஜனவரியில் மறைந்த கே.ஏ.குணசேகரன், அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தன் ‘தன்னானே’ குழுவோடு மேடை மேடையாகப் பாடியவர். வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையிலிருந்து எழுந்த இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டை மக்களிடம் கொண்டுசேர்த்தது அவர் குரல். பத்தாண்டின் பட்டியல் போடுகிறவர்கள் அந்த வேரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பெயர் எப்படி உதிர்கிறது என்பதற்கு 2021இலேயே பாடம் கிடைத்தது. ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அதை எழுதியவர் அறிவு. அந்தப் பாட்டையும் ‘நீயே ஒளி’யையும் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் ஆகஸ்ட் அட்டையில் அவர் முகம் இல்லை. பா.இரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி எழுப்பிய பிறகே அவருக்கென்று தனி அட்டை வந்தது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். எழுதியவன் பெயரைச் சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதே உண்மை.

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1799இல் வீழ்ந்த கோட்டையின் நினைவாக 1974இல் இங்கே நினைவுக் கோட்டை எழுந்தது. அந்தப் போரில் கட்டபொம்மனின் தளபதியாக நின்ற கவர்னகிரி சுந்தரலிங்கம், தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர். அவர் பெயரை நெடுங்காலம் காப்பாற்றி வைத்திருந்தது மக்களின் வாய்மொழிதான். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு அந்தப் பெயரைச் சூட்டியபோது தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. ‘அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம்’ என்றது சாதி. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கியது. ஒரு பேருந்தின் நெற்றியில்கூட ஒரு தலித் வீரனின் பெயரைப் பொறுக்காத மண் இது.

இதே மண்ணில் இன்னொரு வகை ஆல்பமும் உண்டு. எந்தப் பட்டியலிலும் அது வருவதில்லை. குருபூஜைக்கும் கொடைக்கும் ரேடியோ செட்டில் அலறுகிற சாதிப் பெருமைப் பாட்டுகளைத்தான் சொல்கிறோம். கேசட்டில் தொடங்கி சிடியாகி இன்று பள்ளிப் பிள்ளைகளின் செல்போன் வரைக்கும் வந்துவிட்டன. சினிமா கம்பெனி, பெரிய நிறுவனம் எதையும் நம்பாமல் சொந்தக் காசில் எடுக்கப்படுவதால் இவையும் ‘இண்டி’தான்! அங்கே விடுதலைக்காக நின்றவனையும் ஒரு சாதியின் சொத்தாக்கி, பக்கத்துத் தெருவை மிரட்டப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெயரை அழிப்பதும், ஒரு பெயரைச் சாதிக்குள் பூட்டிவைப்பதும் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

ஆகவே நமக்குப் பிடித்த ஆல்பம் எது என்ற கேள்வி, நம் ஊர் ஒலிபெருக்கியில் எது ஒலிக்க வேண்டும் என்ற கேள்விதான். ‘மகிழ்ச்சி’யும் ‘தெருக்குரலு’ம் கோவில்பட்டி கல்லூரி விழாவிலும், தீப்பெட்டி ஆபீஸ் தெருவிலும், ஒட்டப்பிடாரத்துக் கிராமங்களிலும் ஒலிக்க வேண்டும். 2020 டிசம்பரில் சென்னையில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ போன்ற மேடைகள் கரிசலுக்கும் வர வேண்டும்.

கூடவே ஒன்றை நாமே இந்த ஆண்டே தொடங்கலாம். கொடை நோட்டீஸில் நன்கொடை தந்தவர் பெயர் இருக்கிறது, மைக் செட்காரர் பெயர் இருக்கிறது. விடிய விடியப் பறை அடிப்பவர் பெயர் இருக்கிறதா? அவர் பெயரைப் போடுங்கள். அவர் கேட்கிற கூலியைக் கொடுங்கள். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், அது அவர் உரிமை என்று கூட நில்லுங்கள். அடுத்த பத்தாண்டின் பட்டியலை அந்த நோட்டீஸிலிருந்து எழுதத் தொடங்குவோம்.