பாட்டில் ஏற்றினால் தெம்பு வருமா?

நெட்டுக்குப்பத்தில் கடலுக்குப் போய் வெயிலில் காய்ந்து வந்தவரானாலும், எண்ணூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்தவரானாலும், உடம்பு அசந்தால் கிளினிக்கில் கேட்பது ஒன்றுதான்: "டாக்டரே, ஒரு பாட்டில் ஏத்திவுடுங்க, தெம்பா இருக்கும்." டிரிப்ஸ் போடாத டாக்டருக்குக் கைராசி இல்லை என்ற பெயரும் வந்துவிடும்.

தெம்புக் கணக்கைப் பார்ப்போம். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. இரண்டு இட்லியில் அது கிடைத்துவிடும், ஊசிக்குத்தும் மிச்சம்.

'வாயால் குடிப்பது மெதுவாகத்தான் வேலை செய்யும், நரம்பில் ஏறினால்தான் பலன்' என்பது அடுத்த வாதம். 1971இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் நிரப்பிவைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே மொண்டு கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை போன சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஓயாத வாந்தி, மயக்கம், விழுந்துவிட்ட பிரஷர் என்றால் டிரிப்ஸ்தான் உயிரைக் காக்கும், அதில் சண்டையில்லை. நடந்து வந்து பாட்டில் கேட்பவருக்கு ஓ.ஆர்.எஸ். எனும் அந்த உப்பு-குளுக்கோஸ் நீரே போதும்.

"ஏத்தினா என்ன கெட்டுடும்?" என்று கேட்பவர்களுக்கு 2011இல் வெளியான ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் தளர்ந்த 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்தது அது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள், அப்படி வேகமாக ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். பெரியவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராம்தான். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவருக்கு அந்த நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும்.

டெங்கு என்றால் நிறைய ஏற்ற வேண்டும் என்பதும் பாதி உண்மையே. காய்ச்சல் விடும் நேரத்தில் ஓரிரு நாள் ரத்தக்குழாய்கள் கசியும். அப்போது நாடி, பிரஷர், ரத்தத்தின் அடர்த்தி, மணிக்கு மணி சிறுநீர் ஆகியவற்றைப் பார்த்து அளந்துதான் ஏற்றுவார்கள். கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பத் தொடங்கியதும் பாட்டிலைக் கழற்றிவிடுவார்கள். "பிளேட்லெட் இன்னும் ஏறலையே, ஏன் நிறுத்துறீங்க?" என்று வார்டில் சண்டை வருவதும் பெரும்பாலும் அப்போதுதான்.