வேட்டையும் காமிராவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்று மான் வேட்டைக்குச் செல்வோர் பலர், தீப்பெட்டியினும் சற்றே பெரிதான காமிராவைத் தலையிலோ மார்பிலோ துப்பாக்கியிலோ பொருத்திக்கொண்டு, தம் வேட்டையைப் படமெடுத்து உலகுக்குக் காட்டி வருகின்றனர். கடலலைகளில் சறுக்கி விளையாடுவோர் மணிக்கட்டில் அணிவதற்கென 2004-ல் ‘கோப்ரோ’ கம்பெனியார் விற்கத் தொடங்கிய கருவியின் வழித்தோன்றல் இன்று கானகத்திலும் புகுந்துவிட்டது.

காமிராவை நாம் பழிக்கவில்லை. சட்டத்தை மீறிய வேட்டைக்காரர் சிலரை அவர்கள் எடுத்த படமே நீதிமன்றத்தில் காட்டிக்கொடுத்ததுண்டு. நாம் அஞ்சுவது கத்தரிக்கோலுக்கே. நாள் முழுதும் வீணே காத்திருந்ததும், குறி தவறியதும், குண்டடிபட்ட மான் இரத்தம் சிந்தியவாறு புதருள் மறைந்ததும் வெட்டி எறியப்படுகின்றன. எஞ்சுவது வெற்றி ஒன்றே. கைதட்டலை எதிர்நோக்குபவன் தக்க தருணம் வரும்வரை பொறுத்திருப்பானா?

தப்பிச் செல்ல விலங்குக்கும் நியாயமான வாய்ப்பு வேண்டுமென்பது, அந்நாட்டில் 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று நிறுவிய பூன்-குரோக்கெட் சங்கத்தின் கொள்கை. யாரும் பாராத இடத்திலும் வேட்டைக்காரன் காக்க வேண்டிய தர்மம் அது.

இந்தியாவில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. ஆயினும் அப்படங்கள் நம் வாலிபர் கைகளையும் எட்டுகின்றன. ஆகவே நாமும் பேச உரிமையுடையோம். காட்டுவதாயின் முழுவதையும் காட்டுக. அதற்குத் துணிவில்லையேல் காமிராவைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டினுள் செல்க. உயிரொன்று மாயும் காட்சியில் பாதி உண்மை முழுப் பொய்யினும் கொடிது.