377 போனது, பாதுகாப்பும் போனது

1860இல் பிரிட்டிஷ் ஆட்சி சுமத்திய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, தன்பாலீர்ப்பு கொண்டோரைக் குற்றவாளிகளாக்கியது. 2013இல் அதை நிலைநிறுத்திய உச்சநீதிமன்றமே, 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல எனத் தீர்ப்பளித்தது. நீண்ட போராட்டத்தின் வெற்றி அது.

ஆயினும் அத்தீர்ப்பு அப்பிரிவை முற்றாக அகற்றவில்லை. ஒப்புதலற்ற உறவுக்கு அது தொடரும் என்றது. வல்லுறவுச் சட்டம் பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராக ஏற்பதால், ஆண்களும் திருநங்கையரும் நாடுவதற்கு எஞ்சியிருந்தது இப்பிரிவே.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்பிரிவு அடியோடு இல்லை. அதனிடத்தில் வேறெதுவும் வைக்கப்படவும் இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு எச்சரித்தும் ஒன்றிய அரசு செவிசாய்க்கவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140க்கும் மேற்பட்டோரை இடைநீக்கம் செய்துவிட்டு நிறைவேற்றிய சட்டத்தில் விவாதத்திற்கு இடமேது?

இன்று பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டுச் சிறை. திருநர் மீதான பாலியல் வன்கொடுமைக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பதோ ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை மட்டுமே. ஒரே கொடுமைக்கு இரு விலை! காலனிய எச்சங்களைக் களைந்ததாகப் பெருமை பேசுவோர், மனைவி மீதான கணவனின் வல்லுறவுக்கு அதே காலனியச் சட்டம் தந்த விலக்கை மட்டும் பத்திரமாகக் காத்துள்ளனர். அவர்கள் களைந்தது எதை, காப்பது எவரை என்பது இதிலேயே விளங்கும்.

தீர்வு புதிதன்று. பாதிக்கப்படுபவர் எப்பாலினராகவும் இருக்கலாம், குற்றம் புரிபவர் ஆண் என்பது மாற வேண்டியதில்லை என்று 2013லேயே நீதிபதி வர்மா குழு வழிகாட்டியது. பெண்களுக்கு எதிராகவே சட்டம் திருப்பப்படும் ஆபத்தை இது தவிர்க்கிறது. திருநரையும் ஆண்களையும் கைவிடுவதுமில்லை. அந்தப் பரிந்துரையைச் சட்டமாக்க வேண்டும்.

இக்கோரிக்கையைப் பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள் மட்டும் சுமக்க விடலாகாது. மாதர், மாணவர், வாலிபர், தொழிற்சங்க அரங்குகள் அனைத்தும் இதைத் தம் கோரிக்கையாக்க வேண்டும். கிளைக் கூட்டங்களில் இதைப் பேசத் தயங்கும் தோழர்களின் மௌனமும் அந்த மக்களைத் தனிமைப்படுத்துகிறது. அம்மௌனத்தைக் கலைப்பதே முதற்பணி.