"ஆமாம்" என்றால் ஆமாமா?

சென்ற மாதம் திட்டக்குடிக்குப் போயிருந்தேன். வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளிப் பெரியம்மா வீடு. காப்பி டம்ளரைக் கீழே வைக்கவில்லை, பெரியம்மா ஆரம்பித்துவிட்டார்.

"நீதான் பத்திரிகையில எழுதுறவளாச்சே, இதுக்கு ஒரு வழி சொல்லுடி. எனக்கப்புறம் இவன் எங்க இருப்பான்?"

"இவன்" என்றது கடைக்குட்டித் தம்பியை. வயது 36. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. சென்னையிலிருக்கும் அண்ணன், "எங்கூட வந்துடுறியாடா?" என்று கேட்டானாம். "ஆமாம்" என்றான். விருத்தாசலத்து அக்கா, "எங்க வீட்டுக்குத்தானே வருவே?" என்றாளாம். அதற்கும் "ஆமாம்". இப்போது உடன்பிறப்புகள் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. எங்கிட்டதான் வர்றேன்னான், நீ அவன் மனசைக் கலைக்கிறே என்று ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம்!

தோழியரே, அவன் யாரையும் ஏமாற்றவில்லை. 1981-ல் அமெரிக்காவில் கரோல் சிகல்மன் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர், தம் குழுவினருடன் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். அறிவு வளர்ச்சி குறைந்தவர்களிடம் ஒரு விஷயத்தை நேராகவும், பிறகு தலைகீழாகவும் கேட்டார்கள். ரெண்டுக்குமே "ஆமாம்" என்றவர்கள் ஏராளம்.

ஏன் அப்படி? 1967-ல் ராபர்ட் எட்ஜர்ட்டன் என்ற மானிடவியலாளர் எழுதிய புத்தகத்தில் இதற்கு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கலிஃபோர்னியாவில் பெரிய விடுதி ஒன்றிலிருந்து வெளியே வந்து, ஊருக்குள் தனியாக வாழ்ந்த 48 பேரைப் பற்றியது அது. மணி பார்க்கத் தெரியாதவர், ஓடாத வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, "வாட்ச் நின்னுடுச்சு, ஒன்பது ஆயிடுச்சா?" என்று கேட்பாராம். தெரியாது என்று வெளியில் தெரிந்துவிடக் கூடாதே! நம் வீட்டுப் பிள்ளையின் "ஆமாமு"ம் அந்த ஓடாத வாட்ச் மாதிரிதான். சிறு வயது முதல் அதட்டல் கேட்டே வளர்ந்தவனுக்கு, கேட்டவரைச் சந்தோஷப்படுத்தும் பதில் எதுவென்று நன்றாகவே தெரியும்.

நாமும் அவர்களைக் கேட்டுப் பழகவில்லையே. நம் நாட்டில் வைன்லேண்ட் அளவுகோல் என்று ஒன்றை வைத்துச் சோதிப்பார்கள். தானே சட்டை போடுகிறானா, தனியாகக் கடைக்குப் போகிறானா என்றெல்லாம் கேள்விகள். உபயோகமான சமாசாரம்தான். ஆனால் பதில் சொல்வது பெரும்பாலும் தாயார். "மூணு வயசுக் குழந்தை மாதிரிங்க" என்று நாமே சொல்லியும் விடுகிறோம். 36 வருஷம் வாழ்ந்தவன் எப்படி மூன்று வயதுக் குழந்தையாவான்?

"ஆமாம், இல்லை" என்று பதில் வரும்படி கேட்காதீர்கள். "இதுவா, அதுவா?" என்று கேட்டால் கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. படத்தைக் காட்டிக் கேட்டால் பதிலை ஓரளவு நம்பலாம். மறுநாள் வரிசையை மாற்றி இன்னொரு தரம் கேளுங்கள். உடம்புக்கு வந்தாலும் இதே வழிதான். "வயிறு வலிக்குதா?" என்பதைவிட, "எங்கே வலிக்குது, தொட்டுக் காட்டு" என்பது மேல்.

பெரியம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன். 18 வயது தாண்டிவிட்டால் பெற்ற தாயாரே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்டக் குழுவிடம் மனுப் போட்டுக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். கடலூரில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். ஆனால் மனுவில் யார் பெயரை எழுதுவது?

பேரன் போனில் எடுத்திருந்த படங்களைக் கடையில் பிரிண்ட் போட்டு வரச் சொன்னேன். சென்னை வீடு, விருத்தாசலம் வீடு, இந்த வீடு. அதோடு, தம்பி தினம் காலையில் தண்ணீர் பிடித்து வைக்கும் தெருமுனை டீக்கடை. நாலையும் பாயில் பரப்பினேன். "நீ எங்கே இருக்கணும்?" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தான். டீக்கடையை எடுத்துக்கொண்டான். மறுநாள் வரிசையை மாற்றி வைத்தேன். அன்றைக்கும் டீக்கடைதான்.

"அங்க எப்படிடா படுப்பே?" என்றார் பெரியம்மா.

தம்பி இந்த வீட்டுப் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து விருத்தாசலத்துக்குப் போன் போட்டார். "ஏண்டி, அவனை அங்க கூட்டிட்டுப் போறது இருக்கட்டும். நீங்க இங்க வந்து இருக்க முடியுமா? மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்லு."