பளபளப்பைப் பார்த்து படகு எஞ்சின் வாங்குவதா?

பழைய அவுட்போர்டு எஞ்சின் தேடி காசிமேடு போகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்? பெயிண்டை! விற்கிறவருக்கும் இது தெரியும்.

"ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகுது பாருண்ணே" என்பார். ஆகத்தான் செய்யும். ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஆகாதா? கயிற்றை இழுக்குமுன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சுட்டால், "ஆறட்டும், டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று நகர்ந்துவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

அடுத்து கியர் ஆயில். அடித்திருகைத் தளர்த்தினால், பால் டீ நிறத்தில் வழிகிறதா? தண்ணீர் புகுந்தாச்சு, சீல் போச்சு!

தண்ணீரில் இறக்கி ஓட்டினால் பக்கத் துவாரத்தில் தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். வராவிட்டால் பம்ப் ரப்பர் தேய்ந்திருக்கும்; அல்லது உப்பு அடைத்திருக்கும். 'கரையிலேயே வெறுமனே ஓட்டிக் காட்டுகிறேன்' என்பவரிடம் பேச்சே வேண்டாம். அப்படி ஓட்டினால் நல்ல ரப்பரும் கருகும்.

கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்க மெக்கானிக் கூலி கேட்பார். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அந்த எஞ்சினைத் தொடக்கூடாது. கூலிக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள், நடுக்கடலில் நின்ற படகை இழுத்துவர எவ்வளவு ஆகும் என்று கரையில் விசாரித்துப் பார்க்கட்டும்.